எஸ்தர் நிறுத்தாமல் கேட்ட கதை

எஸ்தர் அபியோ உகண்டாக்காரி. இருபத்தாறு வருடம் சர்வதேச நீதிமன்றங்களில் போர்க்குற்ற வழக்குகளை நடத்தியவர். ஓய்வுபெற்ற பிறகு, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் வாக்குமூலம் எடுப்பது எப்படி என்று எங்கள் சட்டத்தரணிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் திருகோணமலைக்கு வந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் நான், கிண்ணியா ஷிஃபானா. முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் கெட்டிக்காரியா முட்டாளா என்பது இனி உன் வாயில்தான் இருக்கிறது" என்று சிரித்தார். மத்தியானம் சூடை மீன் பொரியலை முள்ளோடு கடித்துத் தின்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் நாள் பாலையூற்றிலிருந்து ஜெயரூபியக்கா வந்தார். 2007இல் அவருடைய கணவர் சிவகுருநாதனை வீதியில் வைத்து யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் சொன்ன கதை. அன்று சொல்லத் தொடங்கியவர் பாதியில் மகளின் சப்பாத்துக் கதைக்குப் போய்விட்டார். வெள்ளைச் சப்பாத்து, ஒரு நம்பர் பெரிது, நுனியில் பஞ்சு அடைத்தது.

கூட்டத்தை ஒழுங்குசெய்த சட்டத்தரணி கனகசுந்தரம் பொறுமையிழந்தார். "அக்கா, அந்தக் கதையை விடுங்கோ. விசயத்துக்கு வாங்கோ."

நான் மொழிபெயர்க்கும் முன்பே எஸ்தர் கையை உயர்த்தினார். "அவர் சொல்லட்டும்."

"சொல்லட்டோ, தங்கச்சி?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"சொல்லுங்கோ அக்கா. மெடம் கேக்கிறா."

"அண்டைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் போட்டி. சப்பாத்தும் வாங்கிக் குடுத்து, 'நீ ஓடேக்க அப்பா ஓட்டம் முடியிற கயித்தடியில நிப்பன்' எண்டு சொன்னவர். பிள்ளை முதலாவதா வந்திட்டுத் தேடுது, தேப்பனைக் காணேல்ல. வாற வழியிலதான் ஏத்தியிருக்கிறாங்கள்."

"மகளுக்குச் சான்றிதழ் ஏதும் கொடுத்தார்களா?" என்று எஸ்தர் கேட்டார்.

"ஓம், அலுமாரியில கிடக்கு."

மறுநாள் காலை கொண்டுவந்தார். அதில் மார்ச் 9 என்றிருந்தது. அவரிடமிருந்த கடதாசிகள் எல்லாவற்றிலும் மார்ச் 14. பொலிசில் முறைப்பாட்டை ஏற்ற நாளையே ஆள் காணாமல்போன நாளாக யாரோ எழுதிவிட்டிருந்தார்கள். யாரும் அக்காவுக்குத் திருப்பி வாசித்துக் காட்டவில்லை. ஒன்பதாம் திகதி அந்த வானைக் கண்டதாகச் சொன்ன கடைக்காரர் முத்தலிப்பின் சாட்சியத்தை, நாள் பொருந்தவில்லை என்று தள்ளிவைத்ததும் இதனால்தான்.

"பதினெட்டு வருசமா என்னட்டையே இருந்ததே" என்று அக்கா அழுதார். எஸ்தர் கதிரையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் இருந்தார்.

அன்று பின்னேரம் துறைமுகப் பக்கம் நடந்தபோது, "எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன்.

"தெரியவில்லை. என் முதல் பெரிய வழக்கில் ஒரு சாட்சி தன் பசுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். சம்பந்தமில்லை என்று நிறுத்திவிட்டேன். அந்தப் பசு கன்று போட்ட இரவில்தான் ஊரைக் கொளுத்தினார்கள். திகதி நிறுவப்படவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஆளை விடுதலை செய்தார்கள். பிறகு அவள் வீட்டுக்குப் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். எனக்குப் பால் காய்ச்சித் தந்தாள், ஷிஃபானா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்."

எஸ்தர் ஊருக்குத் திரும்பினார். கனகசுந்தரம் திருத்திய வாக்குமூலத்தைத் தாமே எழுதி, வரிவரியாக அக்காவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே அனுப்பினார். எட்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: விசாரணை மறுபடி தொடங்குகிறது, முத்தலிப்பும் அழைக்கப்படுவார். கணவர் எங்கே என்பதற்கு இன்னும் பதில் இல்லை. ஆனாலும் அக்கா அந்தக் கடிதத்தோடு நேரே என்னிடம் வந்தார். எஸ்தருக்கு அழைப்பு எடுத்தோம்.

"தமிழிலேயே வாசி" என்றார் எஸ்தர்.

"உங்களுக்கு விளங்காதே."

"அவருடைய பெயர் விளங்கும்."

வாசித்தேன். அக்காவின் கணவர் பெயர் வந்த இடத்தில், "சிவாகுருநாதா" என்று எஸ்தரும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"சிவகுருநாதன், மெடம்" என்று அக்கா திருத்தினார்.

எஸ்தர் இன்னொரு தடவை, சரியாகச் சொன்னார்.