டூட்டி ரூம் அலாரத்துக்கு மாட்டின உறை

டூட்டி ரூமுக்கு சீல் வச்சிட்டா, இருபத்திநாலு மணி நேரம் வேலை பாக்குறவங்க எங்க போய் படுப்பாங்க? ஓஷ் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் தோல்குனுக்கு காலையிலேருந்து இதே கவலை. பன்னெண்டு மணிக்கு ஃபயர் ஆபீஸர் வர்றாரு. ஸ்டாஃப் தூங்குற ரூமுன்னா உள்ளயே புகை அலாரம் வேலை செய்யணும். வராண்டாவுல இருந்தா செல்லாது, ரூமுக்கு சீல்தான்.

அலாரம் என்னவோ இருக்கு. அது மேல, ஷூவுக்கு மாட்டுற நீல பிளாஸ்டிக் உறையும் இருக்கு. மாட்டினதே தோல்குன்தான். சளிக்காய்ச்சல் பரவுற நேரத்துல நோய் அண்டாம இருக்க வாணலியில ஆர்ச்சா மரத்து இலையைக் கொளுத்தி ரூம் ரூமா புகை காட்டாம முடியுமா? காட்டுறப்பெல்லாம் அது கத்தித் தொலைச்சுது.

ஹெட் நர்ஸ் கனிஷாய்கிட்ட போய் நின்னா. "அக்கா, உறையை உருவிடவா? ஆபீஸருக்குத் தெரியவா போகுது?"

"உருவிட்டு?"

"அவ்ளோதான்."

"மூணு மாசமா மூடிக் கெடக்கு. உசுரோட இருக்கான்னு யாரு பாத்தா? உன் வாணலியை எடுத்துட்டு வாடி."

"டூட்டி ரூம்ல டாக்டர் உர்மத் அண்ணன் தூங்குறாரு அக்கா. விடிய விடிய ஆபரேஷன்."

"அவரை எழுப்பாத டப்பா எதுக்கு?"

கனிஷாயே ஸ்டூல்ல ஏறி உறையை உருவி, வாணலியைத் தூக்கிப் புடிச்சா. புகை போய் முட்டுது, சத்தமே இல்ல. தோல்குனுக்கு உசுரே போச்சு. கனிஷாய் அசரலை. பெரிய சிரிஞ்சை வாங்கி, அலாரத்தோட இடுக்குல காத்தை அடிச்சா. தூசி கொட்டுச்சு. மறுபடி வாணலி.

வீல்னு கத்துச்சு பாருங்க! டாக்டர் போர்வையோட கீழ விழுந்தாரு. "எங்க தீ?"

"தீ இல்லண்ணே, படுங்க."

"புகை போட்டது யாரு?" வாசல்ல ஃபயர் ஆபீஸர்! முன்னாடியே வந்துட்டாரு.

"நான்தான்," கனிஷாய் இறங்கினா. "மூணு மாசம் மூடி வச்சிருந்தோம் சார். இப்பத்தான் சரி பண்ணேன்."

போச்சுடா, எதுக்கு இந்த அக்கா உளறுதுன்னு தோல்குன் கண்ணை மூடிக்கிட்டா.

"மூடினதைச் சொல்லாம விட்டிருக்கலாமே?" ஆபீஸருக்கே ஆச்சரியம்.

"விட்டா மறுபடி மூடுவாளுங்க. ஆர்ச்சா புகை வெளி முற்றத்துலதான்னு நீங்க எழுதிக் குடுங்க. என் பேச்சு எவ கேக்குறா?"

அவரு சிரிச்சுக்கிட்டே எழுதினாரு. சீல் பேப்பர் பையை விட்டு வெளிய வரவே இல்ல. மூடினது யாருன்னு ஒரு வார்த்தை சொல்லாத அந்த மனுஷியை தோல்குன் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நின்னா.

"எழுதியாச்சா?" தரையிலேருந்தே டாக்டர் கேட்டாரு. "அப்ப எல்லாரும் வெளிய போங்க."