முள்ளுக்காரியின் கட்டைவிரல்

அந்தக் கடையில் வாங்கிய தூண்டில் முள்ளில் மாட்டிய மீன்கள் துடிக்கவில்லை. நூலைச் சுற்றினால், இறங்கவேண்டிய நிறுத்தம் வந்ததும் எழுந்து படிக்கட்டுக்கு வரும் பேருந்துப் பயணியைப் போல மேலே வந்து கூடையில் படுத்துக்கொண்டன. ஆற்றங்கரையில் நெடுநாளாக உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள் முதலில் தண்ணீரைக் குறை சொன்னார்கள், பிறகு வெயிலை, பிறகு ஒருவரையொருவர். எல்லோரும் ஒரே கடையில் வாங்கியவர்கள் என்பது தெரியவந்தபோது ஒரு பருவமே முடிந்திருந்தது.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்திய கடை அது. மண்புழு, மாவுருண்டை எல்லாம் அங்கே கிடைக்காது. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிக் கட்டிய பொய் ஈக்கள்தான் வியாபாரம். மீன் அதை நிஜ ஈ என்று நம்பிக் கவ்வும். இறகு கட்ட யாரும் கற்றுக்கொள்ளலாம், முள்ளைப் பொறுக்குவதில்தான் சூட்சுமம். பொறுக்கியவள் அண்ணனின் மனைவி. ஊருக்கு அவள் முள்ளுக்காரி. முள் வரும் பெட்டியின்மேல் என்ன அச்சடித்திருந்தாலும் நம்பமாட்டாள். பெட்டியா போய் மீன் பிடிக்கப்போகிறது என்பாள். மிதக்கும் ஈக்கு மெல்லிய கம்பி, மூழ்கும் ஈக்குத் தடித்த கம்பி. நூல் கோக்கும் காது முழுக்க மூடியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் நூலை அறுத்துவிடும். மேசையில் பூட்டிய வைஸ் என்ற சின்ன இடுக்கியில் முள்ளை இறுக்கி விரலால் சுண்டுவாள். வளைந்தபடியே நின்றால் பதம் போதாது, ஒடிந்தால் பதம் மிஞ்சிவிட்டது, கிண்ணென்று பழைய இடத்துக்குத் திரும்பினால் சரி. அடுத்து முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் இழுப்பாள். வழுக்கினால் குப்பை. நகத்தில் நின்றால்தான் கடைசிப் பரீட்சை: விரலின் சதையில் ஒரு துளி அழுத்தம். அதில் தேறியது மட்டும் கடைக்குப் போகும்.

கணவன் கல்லாவில் உட்கார்ந்தபடியே இறந்த நாளில் அவள் அந்தக் கடைசிப் பரீட்சையில் இருந்தாள். கொழுந்தன் உள்ளே ஓடிவந்து சொன்னான். அவள் எழுந்து போய்ப் பார்த்தாள், அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். விரலின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்திருந்த முள்ளை யாரோ ஒரு பெண்தான் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை. அடுத்த வருடம் முழங்கைவரை போயிற்று, பிறகு தோள்வரை, பிறகு எங்கெல்லாம் என்று அவளும் பார்க்கவில்லை. அழுகையும் வரவில்லை. கணவனின் முகம் நினைவில் இருந்தது, பழைய வீட்டு விலாசம் நினைவில் இருப்பதுபோல. முள்ளை மட்டும் முன்போலவே பொறுக்கினாள். சதையில் எவ்வளவு இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டாள். அவள் சதையைத் தொட்டு வந்த முள் எதுவோ அதில் மாட்டிய மீன் துடிக்கவில்லை.

துடிக்காத மீனுக்கு எதற்குத் தூண்டில், மார்க்கெட்டிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று வாடிக்கையாளர்கள் விலகினார்கள். கொழுந்தன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். விற்பதும் அதுதான் என்பதால் யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பல் வைத்தியர் தூண்டிலை வீசும்போது அந்தக் கடை முள்ளைத் தன் காதிலேயே மாட்டிக்கொண்டார். வலிக்கவில்லை. அன்று மாலைக்குள், தன்னோடு பேச்சை முறித்துக்கொண்டு போன மகனைப் பற்றிய வருத்தமும் போய்விட்டது. செய்தி பரவியதும் ஆற்றுப் பக்கமே போகாதவர்களெல்லாம் கடைக்கு வந்தார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர்கள் குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணி கைராசிக்காரி என்று கொழுந்தன் பூரித்தான். ஒருநாள் அவன் தமாஷாக ஒன்று சொன்னான்: பல் வைத்தியரின் மகன் திரும்பி வந்து வாசலில் நின்றானாம், அவர் நிமிர்ந்து பார்த்து, உட்காருங்கள், உங்கள் முறை வரும்போது கூப்பிடுகிறேன் என்றாராம். முள்ளுக்காரி சிரிக்கவில்லை. அது பயங்கரம் என்று அவள் புத்திக்குத் தெரிந்தது, நெஞ்சில்தான் எதுவும் அசையவில்லை.

கோடையில் மகள் வந்தாள். அவள் பெற்ற குழந்தை ஆறு மாதம்கூட இருக்கவில்லை. குழந்தை போய்விட்டது, மார்பில் பால் மட்டும் நின்றபாடில்லை, ரவிக்கை நனைந்திருந்தது. பேரனுக்காக அழ முள்ளுக்காரி முயன்று பார்த்தாள், வரவில்லை. வெட்கமாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. மகள் பையைக்கூடக் கீழே வைக்காமல் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு குத்திவிடும்மா. என்னால முடியல."

முள்ளுக்காரி புதுப் பெட்டியைப் பிரித்தாள். முதல் முள்ளை வைஸில் இறுக்கிச் சுண்டினாள், கிண்ணென்றது. காது சரியில்லை என்று ஒதுக்கினாள். அடுத்தது நகத்தில் அசையாமல் நின்றது; முனை மழுங்கல் என்றாள். அடுத்தது கோணல், அதற்கடுத்ததில் துரு. துரு எங்கே என்று மகள் வாங்கிப் பார்த்தாள். புத்தம்புது முள், கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்றைக்கூட முள்ளுக்காரி நகத்தைத் தாண்டிச் சதைக்குக் கொண்டுபோகவில்லை. பெட்டி காலியாயிற்று, இன்னொன்றைப் பிரித்தாள். வாசலில் காத்திருந்தவர்களிடம் கொழுந்தன் இன்று சரக்கு மோசம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"வேணும்னே பண்றே. ஊர்ல எல்லாருக்கும் குடுக்கற. பெத்த பொண்ணுக்குக் குடுக்கக்கூடாதா?"

"உனக்குக் குடுக்கற மாதிரி இதுல ஒண்ணுகூட இல்லடி."

"அப்பா செத்தப்ப நீ அழவே இல்ல. உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுடி. அதான் சொல்றேன். இதைக் குத்திக்கிட்டா, புள்ளைய மடியில வச்சிருந்த கனம்கூட உனக்குத் தெரியாமப் போயிடும்."

மகள் மேசைமேல் கவிழ்ந்து அழுதாள். ஒதுக்கிய முள்கள் அவள் மூச்சில் அசைந்தன. முள்ளுக்காரி அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு மகளின் தலையில் கையை வைத்தாள். மயிரின் சூடோ ஈரமோ அவளுக்குத் தெரியவில்லை.

மகள் மழைக்காலம்வரை அந்த வீட்டிலேயே இருந்தாள். மத்தியானம் ஆனால் மேசைக்கு எதிரே வந்து உட்காருவாள், கையை நீட்டுவாள், முள்ளுக்காரி பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழிப்பாள். பிறகு கை நீட்டுவது நின்றுபோயிற்று. வந்து உட்காருவதும் அழுவதும் மட்டும் நடந்தன. கழித்த முள்களைக் கொழுந்தன் வீணாக்காமல் விற்றான்; அவற்றில் மாட்டிய மீன்கள் துள்ளிக் குதித்ததாகக் கரையில் பேசிக்கொண்டார்கள், அவனும் அதற்குத் தகுந்தபடி வியாபாரத்தை மறுபடி மீன் பிடிப்பவர்கள் பக்கம் மாற்றிக்கொண்டான். முள்ளுக்காரியின் கைக்கு உணர்ச்சி திரும்பவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. மகள் அழுது முடிக்கும்வரை, தன் கை இன்னும் அவள் தலைமேல்தான் இருக்கிறதா என்று அவ்வப்போது கண்ணால் பார்த்துக்கொள்வாள்.