ஹார்மின் பூட்ஸ்

வந்தவர் முதலில் குளியலறைக்குப் போய்ப் பல் துலக்கும் பிரஷ்களைத்தான் எண்ணினார். இரண்டே இரண்டு. தேய்ந்து விரிந்துபோன ஒன்று கெசீனாவுடையது. சின்ன மஞ்சள் பிரஷ் ஏழு வயது மகள் லோட்டாவுடையது. சவரக் கத்தி இல்லை, ஆண்கள் தடவிக்கொள்ளும் வாசனைத் திரவியம் இல்லை. அவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். குளியலறை வாசலில் நின்றிருந்த கெசீனா மனத்துக்குள் தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். சொந்த வீட்டில் சொந்த பிரஷ்ஷை எண்ணுவதற்கே பயமாகத்தான் இருந்தது.

நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ப்ரௌவர் என்கிற ஐம்பது வயதுக்காரர், கூடவே மார்லூஸ் என்கிற இளம்பெண். முன்னறிவிப்பு கிடையாது. அப்படித்தான் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வாசல் மணி அடித்து அடையாள அட்டையை நீட்டியதும் அவள் அதை இரண்டு முறை படித்தாள். "நீங்க வேண்டாம்னு சொல்லலாம், அது உங்க உரிமை. ஆனா வீட்டைப் பாக்காம உங்க மனுவை எங்களால முடிவு பண்ண முடியாது" என்றார் ப்ரௌவர். அருமையான உரிமை! கெசீனா கதவை அகலத் திறந்துவிட்டாள். காப்பி வேண்டுமா என்று கேட்டாள். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அந்த ஊரில் காலை பத்து மணிக்குக் காப்பியை மறுப்பவர்கள் நல்ல சேதி கொண்டுவந்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

பூக்கள் கட்டி அனுப்பும் கண்ணாடிக் கூடத்தில் அவள் பார்த்த வேலை மார்ச் மாதத்தோடு முடிந்துபோனது. ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நகராட்சியின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்து ஏழு வாரமாகிறது. இரண்டு மாத வாடகை நிற்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுச் சங்கத்திலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் அன்புள்ள என்ற சொல்லையே எடுத்துவிட்டிருந்தார்கள். குழந்தையோடு தனியாக இருப்பவளுக்கு அந்தத் தொகை கிடைக்கும். சம்பாதிக்கிற ஆண் ஒருவன் கூட வாழ்கிறான் என்று தெரிந்தால் கிடைக்காது. அதை மறைத்தாள் என்றால் மோசடி. மேலே அபராதமும் உண்டு. கெசீனா எதையும் மறைக்கவில்லை. லோட்டாவின் அப்பா நான்கு வருடத்துக்கு முன்பே ஜெர்மனியில் வேறு குடும்பம் தேடிக்கொண்டான். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் கால் வைத்த ஆண்பிள்ளை, வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைச் சரிபார்க்க வந்தவன் மட்டும்தான்.

படுக்கையறையில் ஒரே தலையணை. அலமாரியில் அவளுடைய துணிகள் மட்டும். மார்லூஸ் லேசாகச் சிரித்து, "எல்லாம் சரியா இருக்குங்க, சீக்கிரம் முடிச்சிடுறோம்" என்றாள்.  ஏழு வாரமாகக் கெசீனாவின் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் நகர்ந்தது போலிருந்தது. படியிறங்கி வரும்போது வாடகை கட்டுவதைப் பற்றியும், லோட்டாவின் நீச்சல் வகுப்பைப் பற்றியும்கூட நினைத்தாள். அதற்குள் ப்ரௌவர் சமையலறைக்குள் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

பின்வாசல் படியில் ஒரு ஜோடி வேலைக்காரப் பூட்ஸ் நின்றது. கப்பல் மாதிரிப் பெரியது, விளிம்பெல்லாம் சேறு.

கெசீனா அதை மறந்தே போயிருந்தாள். எப்படி மறந்தாள்? தினமும் கண்ணில் படுகிற சாமானைக் கண் பார்ப்பதேயில்லை.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்."

ப்ரௌவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். பூனை முகம் போட்ட வீட்டுச் செருப்புக்குள் முப்பத்தெட்டாம் எண் பாதங்கள். பிறகு ஒரு பூட்ஸைத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் படித்தார். "நாற்பத்தாறு" என்றார். விரலால் சேற்றைத் தொட்டார். "ஈரமா இருக்கே. மழை பெஞ்சு பத்து நாளாச்சு."

"நான்தான் பூசினேன்" என்றாள் கெசீனா.

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள், ஒன்றுவிடாமல். பிப்ரவரியில் ஒரு மாலை அவளும் லோட்டாவும் உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இந்தக் கதவின் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. அப்படியே நின்றது. மறுபடி மெதுவாக மேலே போனது. கதவு பூட்டியிருந்ததால் அவ்வளவோடு போயிற்று. போலீஸ் வந்து பார்த்து, உடைத்த தடயம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனது. கூட வேலை செய்த ஒருத்திதான் யோசனை சொன்னாள்: பின்வாசலில் ஆம்பளை பூட்ஸ் ஒன்று போட்டு வை, பழைய சாமான் கடையில் கிடைக்கும். காய்ந்து கிடந்தால் யாரும் நம்பமாட்டார்களே என்று சனிக்கிழமைதோறும் பூந்தொட்டி மண்ணைக் குழைத்து அவளே புதிதாகப் பூசினாள். இன்று புதன், படி வெயில் படாத இடம், தொட்டிக்கு ஊற்றுகிற தண்ணீரும் அங்கேதான் வடியும்.

"சரி" என்றார் ப்ரௌவர். கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. திரும்பியவரின் பார்வை குளிர்பதனப் பெட்டியின் கதவில் நின்றது. அங்கே லோட்டா வரைந்த படம் ஒட்டியிருந்தது. அம்மா, லோட்டா, பெரிய லாரி, லாரிக்குப் பக்கத்தில் முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஓர் ஆள். மேலே கோணல்மாணலான எழுத்தில், ஹார்ம்.

"ஹார்ம் யாரு?"

"அப்படி யாரும் இல்லைங்க. அந்த பூட்ஸுக்கு வெச்ச பேரு." கெசீனா படத்தின் ஓரத்தை நீவிவிட்டாள். "குழந்தை பயந்துச்சுங்க. அதுக்காக ஒரு விளையாட்டு மாதிரி. ஹார்ம் லாரி ஓட்டுறாரு, இன்னைக்கு ஸ்வீடன்ல இருக்காரு, நாளைக்கு வருவாரு, அப்படின்னு."

மார்லூஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பிவிட்டாள் என்று கெசீனாவுக்குத் தோன்றியது. ப்ரௌவர் பேனாவை மூடினார். "நான் உங்களைப் பொய் சொல்றீங்கன்னு சொல்லலை. ஆனா அறிக்கையில நான் என்னன்னு எழுதுறது? பூட்ஸ் இருக்கு, பேர் இருக்கு, தொழில் இருக்கு. ஆள் மட்டும் இல்லைன்னா? பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம்."

பக்கத்து வீடு ஹில்லியுடையது.  பிப்ரவரிக்குப் பிறகு பூட்ஸைப் பார்த்து யாருடையது என்று முதலில் கேட்டவள் ஹில்லிதான். ஹார்முடையது என்று கெசீனாவும் வேண்டுமென்றேதான் சொன்னாள். ஹில்லியிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருமுனை வரை போய்விடும். கைப்பிடியை அழுத்திய கை யாருடையதோ, அவன் காதிலும் விழட்டும் என்று. திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. ஹில்லி கண் காது மூக்கு வைத்து ஊர் முழுக்கப் பரப்பினாள். இப்போது அதே வாயிடம்தான் நகராட்சி போகிறது.

அதிகாரிகளின் பின்னாலேயே அவளும் பூனைச் செருப்போடு தெருவுக்கு ஓடினாள். எதிர் வரிசை வீடுகளுக்குக் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சாரத்தில் ஐந்தாறு ஆட்கள் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்க, ரேடியோ முழுச் சத்தத்தில் அலறியது. ஹில்லி ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். நகராட்சி அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் கடுத்தது. கெசீனாவின் வீட்டில் ஆண் யாராவது இருக்கிறாரா என்று ப்ரௌவர் கேட்டார்.

"ஆளா? ஏன் இல்லாம? தங்கமான மனுஷன்!" என்றாள் ஹில்லி, ரேடியோவை மீறிக் கேட்கும்படி. "ஆறடிக்கு மேல இருப்பாரு. போன வாரம்கூட என் குப்பைத் தொட்டியைத் தெரு வரைக்கும் இழுத்து விட்டாரு. ஒத்தைப் பொம்பளை, துணைக்கு ஆளில்லைன்னு நினைச்சு மிரட்ட வந்தீங்களா? அதெல்லாம் இங்க நடக்காது!"

சொல்லிவிட்டு கெசீனாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். காப்பாற்றிவிட்டேன், பார்த்தாயா என்பது போல. ப்ரௌவர் எழுதிக்கொண்டிருந்தார். குப்பைத் தொட்டியையும் எழுதினார். அந்தப் பேனாவின் முனையில் வீடு போகிறது, லோட்டாவின் அறை போகிறது. எழுதி முடித்துவிட்டால் அதன்பிறகு எந்தக் கதையும் எடுபடாது.

"ஹில்லி, அப்படி ஒரு ஆள் கிடையாது."

"என்னடி சொல்ற? நான் பாத்தேனே!"

"நீ பாக்கலை. நான் சொன்னதைக் கேட்டே, அவ்வளவுதான். சும்மா சொன்னேன். அந்த பூட்ஸை நான் கடையில வாங்கினேன்."

ஹில்லியின் வாய் திறந்தபடி நின்றது. முகம் சிவந்தது. குப்பைத் தொட்டியை இழுத்தவர் யார் என்று இனி அவள்தான் யோசிக்க வேண்டும். "அப்போ இத்தனை நாளா நீங்க ரெண்டு பேரும் மட்டுமா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். பிறகு மெல்ல, "இதை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா, கண்ணு" என்றாள்.

ப்ரௌவர் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. அதுவும் கெசீனாவுக்குத் தெரிந்தது. "நீங்களே தெளிவா சொல்லுங்க. உங்க வார்த்தையிலேயே எழுதிக்கிறேன். சாட்சிக்கு இவங்களும் இருக்காங்க. வீட்ல யார் யார் இருக்கீங்க?"

அவள் சொன்னாள். சுத்தியல் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. ப்ரௌவர் காதருகே கையை வைத்து, "கேக்கலைங்க. கொஞ்சம் உரக்க" என்றார்.

சாரத்தில் ஒருவன் கவனித்துவிட்டான். கீழே ஏதோ அலுவலக விஷயம் நடக்கிறது, தங்களால் தொந்தரவு என்று நினைத்திருக்கவேண்டும். மற்றவர்களுக்குக் கை காட்டினான். சுத்தியல்கள் நின்றன. அவனே குனிந்து, மரியாதையாக, ரேடியோவை அணைத்தான். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. இனி அவள் சொல்வது தெருமுனை வரை கேட்கும், கைப்பிடியை அழுத்தியவன் இங்கே எங்காவது இருந்தால் அவனுக்கும். சாரத்தின் மூன்று தட்டுகளிலும் ஆட்கள் அவளையும் அவளுக்குப் பின்னால் திறந்து கிடந்த வீட்டையும் பார்த்தபடி, அவள் பேசி முடிப்பதற்காகக் காத்து நின்றார்கள்.