எதிரில் யாரும் வராத தெரு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கோபக்காரி ஒருத்தியின் கதை வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டுப் போங்கள்.

அவள் தையல்காரி. புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். எதிர்வீட்டில் அவளுடைய அக்கா, தனிக்கட்டை, முழங்கால் தேய்ந்தவள். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தெருவைக் கடந்து தங்கை வீட்டுக்கு வருவாள். சாப்பாடு ஒரு சாக்குதான். ஊர் வம்பைப் பேசித் தீர்க்காவிட்டால் இரண்டு பேருக்கும் பொழுது நகராது.

அப்போது அந்தத் தெரு இருவழி. அகலம் போதாது. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆகவேண்டும். 'நீ எடு, நான் எடுக்கமாட்டேன்' என்று ஒரே ஹாரன், ஒரே வசவு. ஆனால் எவனாலும் வேகமாக வர முடியாது. மாஸ்டர்தான் வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசி, அதை ஒருவழிப் பாதையாக்க வைத்தார். தெருமுனையில் அம்புக்குறிப் பலகை வந்தது. ஹாரன் ஓய்ந்தது. வண்டிகள் பறந்தன.

கொஞ்ச நாளில் அக்கா வருவது நின்றது. கேட்டால், பசியில்லை என்றாள். தையல்காரி சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அக்காவின் கையெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"என்னக்கா இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"கதவு இடிச்சா தோள் வரைக்குமா நீலமாகும்? என்னன்னு சொல்லு."

"வண்டிக் கண்ணாடி பட்டுது. விடேன்."

"எவன் வண்டி?"

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல் போர்டு போட்ட வண்டி. மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பாக்கலடி. அவருக்குத் தெரியாது. நீ போய் ஆடாத."

தையல்காரிக்கு ரத்தம் உச்சந்தலைக்கு ஏறியது. வகுப்பு எடுக்கும்போது நத்தையாக ஊரும் வண்டி, தனியாக வந்தால் இப்படியா?

சாயங்காலம் புருஷன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். "எங்கக்காவ இடிச்சீங்களா?"

"நானா? என்ன உளர்ற?"

"சைடு கண்ணாடி மடங்கியிருந்துச்சே. ஏன்னு பாத்தீங்களா?"

அவருக்கு முகம் மாறியது. "அது... ஏதோ கம்பம்னு நெனச்சேன்."

"கம்பம். எங்கக்கா உங்களுக்குக் கம்பம்."

"ஒருவழிதானே, எதிர்ல யாரும் வரமாட்டாங்கன்னு ஒரு தைரியம். உங்கக்காவும் கொஞ்சம் பாத்து வந்திருக்கலாம்ல?"

கம்பம் என்றதோடு வாயை மூடியிருக்க வேண்டிய மனுஷன் அல்லவா? இரண்டு வாக்கியம் அதிகமாகப் பேசிவிட்டார். அன்று அவருக்குச் சாப்பாடு போட ஆளில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் வண்டியை எடுக்கும்போது, பக்கத்து சீட்டில் அவள் ஏறி உட்கார்ந்தாள். பயிற்சி வண்டி அல்லவா, மாஸ்டர் உட்காரும் அந்தப் பக்கத்திலும் காலுக்குக் கீழே ஒரு பிரேக் இருக்கும்.

"எடுங்க. இன்னைக்கு நான் சொல்லித்தரேன்."

ஒரு சுற்றுப் போய், தெருமுனை வழியே மறுபடி அதே தெருவுக்குள் நுழைந்தார்கள். அவர் கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், மிதித்தாள். பின்னால் வண்டிகள் வரிசைகட்டின. முந்துவதற்கு இடமில்லை. மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாஸ்டர், புதுசா கத்துக்கறீங்களா?"

"ஆமாப்பா," என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் பாடம் முடியல."

"மானம் போகுது, காலை எடு."

"போகட்டும். மெதுவாப் போகட்டும்."

அக்கா வீட்டு வாசலில் ஓங்கி மிதித்தாள். வண்டி நின்றது. அதற்குப் பின்னால் தெருவே நின்றது.

"இறங்கிப் போய்க் கூப்பிடுங்க."

அவர் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கையை நீட்டினார். அக்கா அதைத் தொடவில்லை.

"எனக்கு வழி தெரியும், மாப்பிள்ளை."

அவசரமில்லாமல் தெருவில் இறங்கினாள். ஹாரன் அடித்தவனை நடுத்தெருவில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். அவன் கை தானாக இறங்கியது. பிறகு தங்கை வீட்டுப் படியேறி உள்ளே போனாள்.

அன்றிலிருந்து மாஸ்டரின் மத்தியான வகுப்பெல்லாம் அந்தத் தெருவில்தான். பின்னால் வருகிறவன் ஊர்ந்துதான் வரவேண்டும். தையல்காரியின் கோபம் தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். தீரவில்லை. அவளும் தீர்த்துக்கொள்ளப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிற கால்கள் எல்லாம் நோவில்லாமல் வீடு திரும்பட்டும். பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருங்கள், கண்ணுகளா.