பேக்கார்டின் புதுப் பச்சை

வெர்னான் ஹால்டமன் தன் பேக்கார்டு காரை ஆபர்ன் ஊர்ப் புல்வெளியில், பழைய கார்களின் கண்காட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஐம்பத்தாறாம் வருடத்து வண்டி. தகரம் தெரியச் சுரண்டி, புதுப் பச்சை அடித்து, குரோமியம் பூசி, இருக்கைத் துணியையும் மாற்ற நாலு வருடம் பிடித்தது. மனைவி லொரெயின் இறந்துபோன பிறகு மனுஷருக்கு வேறு வேலை ஏது?

இந்த நீளத்தையும் மினுக்கையும் பார்த்து ஊரே சிரித்த காலம் உண்டு. பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது சும்மா கொடுத்தாலும் வேண்டாமென்றார்கள். லொரெயின் அசரவில்லை, கடைக்கும் தேவாலயத்துக்கும் அதில்தான் போனாள். பிறகு அதே ஜனம் பளபளப்புக்கு நாயாய் அலைந்தது. வெர்னான் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டார்.

நடுவர் ட்வைட் பழைய சிநேகிதர். குனிந்து பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார்: "வேலை என்னவோ அபாரம்யா. ஆனா இப்ப எல்லாரும் பழசு மாறாத, கைபடாத வண்டியத்தான் தேடறாங்க. அங்க பாரு."

எதிரே இதே வகை வண்டி ஒன்று, நிறம் வெளிறி, இருக்கை கிழிந்து நின்றது. அதைச் சுற்றித்தான் கூட்டம். வெர்னானுக்கு வயிறு எரிந்தது. பரிசு போனால் போகட்டும் என்று தேற்றிக்கொண்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: சிகாகோவிலிருந்து வருகிற மகள் கொரின் வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஏலத்தில் எவனிடமோ போய்ச் சேரும்.

கொரின் வந்தாள். குரோமியத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே ஓட்டுநர் கதவுக்குப் போய், கைப்பிடிக்குக் கீழே விரலால் தடவினாள். லொரெயின் இடது கையால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கல்யாண மோதிரம் உரசி, அங்கே பிறை போலக் கீறல்கள் விழுந்திருந்தன. சின்ன வயதில் அம்மா கடையிலிருந்து வரும்வரை கொரின் அதைத் தடவிக்கொண்டே நிற்பாள்.

"அம்மாவோட கீறல் எங்கப்பா?"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வெர்னானுக்கு அப்போதுதான் உறைத்தது. பொய் சொல்லவும் வரவில்லை.

"முதல்ல அதைத்தாம்மா சரி பண்ணினேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்திருந்தால் தேவலை. வண்டி ரொம்ப அழகாக இருக்கிறது, தன் வீட்டில்தான் இடமில்லை என்று பக்குவமாகச் சொன்னாள். பிறகு, புதுப் பச்சையில் தன் விரல் தடம் பதிந்திருப்பதைக் கண்டு, கண்காட்சிக்கு வந்த அந்நியர்களைப் போலப் பதறிப்போய்ச் சட்டைக் கையை இழுத்தாள்.

துடைக்காதேம்மா, இருக்கட்டும் என்று சொல்ல வெர்னான் வாயெடுத்தார். அதற்குள் துடைத்துவிட்டாள்.