துருப்பிடிக்காத இலை

ஐஸ் பெட்டியை உள்ளே கொண்டுவர இடமில்லாமல் பீரோவை இழுத்தபோது, அதன் பின்னாலிருந்து நீல பிளாஸ்டிக் சுற்றிய பொட்டலம் ஒன்று சரிந்தது. ரஞ்சனி தாங்கிப் பிடித்தாள். கூடத்துப் பாயில் அவள் அப்பா கன்னியப்பன் கிடந்தார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை.

"உனுக்குன்னு வெச்சிருந்தாருடி," என்றாள் அம்மா சசிரேகா. "என்னியக்கூட தொட வுடல."

அது என்னவென்று ரஞ்சனிக்குத் தெரியும். கம்பெனியில் புதுக் கட்டடத்துக்குத் தோண்டிய பள்ளத்தில், களிமண் பாறைக்குள் இலை பதிந்து கிடப்பதாக அப்பா போனில் சொன்னபோது, சென்னையில் லேபிலேயே அவள் குதித்துவிட்டாள். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இலையிலும் துளி மெழுகு மிச்சமிருக்கும். அதைப் பிரித்து அளந்தால், அன்றைக்கு இங்கே மழை எப்படிப் பெய்தது என்று சொல்லலாம். அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். பள்ளத்தைக் கான்கிரீட் மூடிவிட்டது. இருப்பது இந்த ஒரு கல். "கை படக்கூடாதுப்பா, பத்திரம்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

சமையலறையில் வைத்துப் பிரித்தாள். மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. கல் முழுக்க எண்ணெய். அப்பா பேக்கிங் செக்‌ஷன்காரர் அல்லவா! வெளியே போகிற இரும்புச் சாமானெல்லாம் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசித்தான் சுற்றுவார். அந்த எண்ணெயிலும் அதே மெழுகுச் சரக்குதான். இனி எது இலை, எது எண்ணெய் என்று எந்த மெஷினும் சொல்லாது. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்த கதை.

இந்த மனுஷனை என்ன செய்வது? சண்டை போடவாவது எழுந்து உட்கார வேண்டாமா? கண்ணீர் வந்தது. கல்லுக்கா, அப்பாவுக்கா என்று அவளுக்கே விளங்கவில்லை. கல்லுக்காக இருந்துவிட்டால் நான் என்ன பெண் என்று பயமாகவும் இருந்தது.

அப்பாவோடு ஒரே டேபிளில் வேலை பார்த்த திருமலை வந்து நின்றார்.

"பிரிச்சிட்டியாம்மா? ஷிப்ட் முட்ச்சிட்டு ஒக்காந்து சுத்தினாரு. புது கிளவுஸ் போட்டுக்கினு. 'எம்பொண்ணு கல்லுடா, டேமேஜ் ஆவக்கூடாது'ன்னாரு. நல்லா கீதா?"

ரஞ்சனி கல்லைப் பார்த்தாள்.

"நல்லா கீதுண்ணா."

கூடத்தில் அப்பாவைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அம்மாவின் குரல் பெரிதாக எழுந்தது. ரஞ்சனி பிளாஸ்டிக்கை அப்பா மடித்த மடிப்பிலேயே மடிக்கப் பார்த்தாள். ஒரு மூலை மட்டும் படியவில்லை.

"இத்த எப்டிண்ணா மடிக்கிறது?"

திருமலை கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.