யாரும் கத்தவில்லை

பச்சை மேடம் சர்வர் அறைக்குள் வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து ஒயர்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு, கையிலிருந்த பட்டியலை என் தலைக்கு மேல் நீட்டினார்.

"பதினெட்டாம் நம்பர் மெஷின் யாருது?"

"அதுலயே இருக்குமே."

"உரிமையாளர்னு ஒரு பேர் இருக்கு. ரெண்டு தடவை மெயில் போட்டேன். ரெண்டு தடவையும் திரும்பி வந்துடுச்சு."

"திரும்பித்தான் வரும். அவங்க செத்துட்டாங்க."

அவர் முகத்தில் முதலில் எரிச்சல் வந்தது. பிறகு யோசனை. கடைசியாகத்தான் அனுதாபம். "சாரி. உங்க வைஃப்... ஆமால்ல. அப்போ நீங்களே கையெழுத்துப் போட்டுடலாமே?"

"வீட்டுச் சாமானா மேடம் இது, புருஷன் கையெழுத்துப் போட?"

"சர்வர் ரூமுக்குப் பொறுப்பு நீங்கதானே. அந்த முறையில போடுங்க."

போட்டேன். என்னவென்று கேட்காமல் கையெழுத்துப் போடுவது எட்டு மாதமாகப் பழகியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த பழக்கம்.

மூன்று மாதத்துக்குள் கட்டடத்தின் மின்செலவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து உத்தரவு. அதற்காகப் போட்ட பதவி மேடத்துடையது. லிஃப்ட்டுக்குள் பிளாஸ்டிக் உறை போட்ட சுவரொட்டி, பிளக்கிலிருந்து செடி முளைப்பது போல. எல்லோருக்கும் பச்சை பேட்ஜ், ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில். நான் பேட்ஜைக் குப்பையில் போட்டேன். பையையும் அதே குப்பையில்தான் போட்டேன், வேறு இடம் வைக்கவில்லை. இந்தச் சத்தத்துக்கு நடுவில் உருப்படியான வேலை ஒன்றே ஒன்று என் தலையில் விழுந்தது. யாருக்கும் உதவாமல் வருடக்கணக்காக மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும் சர்வர்களைக் கண்டுபிடித்து அணைப்பது.

அதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கத்தல் சோதனை என்போம். எதற்கு ஓடுகிறது என்று தெரியாத இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். யாராவது கத்துகிறார்களா என்று முப்பது நாள் காத்திருக்க வேண்டும். கத்தினால் திரும்ப மாட்டலாம். கத்தவில்லை என்றால் அதை யாரும் தேடவில்லை என்று அர்த்தம். அப்புறம் வேன் வரும், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பொடியாக்கிவிடுவார்கள். ஏழாம் நம்பரைப் பிடுங்கி பத்து நிமிடம் ஆகவில்லை, கணக்குப் பிரிவு ஆள் சட்டையை உள்ளே விடக்கூட நேரமில்லாமல் ஓடிவந்து என் பரம்பரையையே இழுத்தார். அது உயிருள்ள இயந்திரம். பதினெட்டை ஒன்பதாம் தேதி பிடுங்கினேன். அன்றைக்கு வேறு எதையும் தொடவில்லை. விசிறி கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்து நின்றது. கை தூசியாகிவிட்டது, கழுவிக்கொண்டேன். வேறு ஒன்றும் இல்லை.

அவள் மூன்றாம் மாடியில் நிரல் எழுதுகிற பிரிவில் இருந்தாள். தலைவலி என்றாள். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மறுநாளும் என்றாள். இன்னொரு மாத்திரை. இப்படியே பத்து நாள். பதினோராம் நாள் மூன்றாம் மாடிக் கழிவறை வாசலில் விழுந்தாள். இரண்டு மாடி கீழே நான் ஒயர்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டுக்காக யாரும் கத்தவில்லை. ஒரு வாரம் கழித்து மூன்றாம் மாடிக்காரன் ஒருவன் லிஃப்ட்டில் என் தோளைத் தட்டினான். "என்ன மாயம் பண்ணீங்க? இப்பல்லாம் காலையில வந்தா கம்ப்யூட்டர் ரெடியா எரியுது. முன்னாடி அது எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஒரு காபி குடிச்சிடலாம்."

"ஒண்ணும் பண்ணல."

"சும்மா சொல்லாதீங்க."

"கைய எடுங்க."

எடுத்துவிட்டான்.

இருபத்தெட்டாம் நாள் மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன். இதே கட்டடத்தில் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைமை, மீட்டரும் ஜெனரேட்டரும் அவர் கையில். கல்யாணத்தன்று முதல் என்னை மாப்ள என்று கூப்பிட்டவர். அவளை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து சார். எட்டு மாதத்தில் நேருக்கு நேர் பேசியது நான்கு முறை. நான்கு முறையும் ஏ.சி. பழுது பற்றி.

"சார், ஒன்பதாம் தேதி இங்க என்னத்தப் புடுங்குனீங்க?"

"ஏன்?"

மீட்டர் நோட்டை என் விசைப்பலகை மேல் விரித்துப் போட்டார். திரையில் ஏதேதோ எழுத்து ஓடியது. "எட்டாம் தேதி வரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து நூறு யூனிட். பத்தாம் தேதியிலேர்ந்து ரெண்டாயிரத்து அறுநூறு. ஞாயித்துக்கிழமையும் ஏறுது. ஞாயித்துக்கிழமை எவன் வந்து வேலை பார்க்கிறான்? பேயா?"

"இதுவரைக்கும் பதினோரு மெஷின் அணைச்சிருக்கேன். குறைஞ்சுதான் இருக்கணும்."

"உங்க மேடம்கிட்ட பேட்ஜ் வாங்கணும்னு மீட்டருக்கு ஆசை கிடையாது. அது உள்ளதைத்தான் காட்டும்."

நான் பதினெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து திரையை மாட்டினேன். வலை இணைப்பு இல்லாமல் மின்சாரம் மட்டும் கொடுத்தேன். உள்ளே ஒரே ஒரு நிரல் இருந்தது. தலைப்பில் அவள் தன் வழக்கப்படி சுருக்கமாகக் குறிப்பு எழுதியிருந்தாள். மாலை ஏழு மணிக்கு ஆள் இல்லாத கணினிகளை அணைப்பதற்கு. மூன்று மாடி, அறுநூறு கணினி. சர்வர் அறையைத் தொடாதே. கீழே தேதி, மூன்று வருடத்துக்கு முந்தையது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. மச்சான் என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற ஒரே இயந்திரத்தை, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் அணைத்திருக்கிறேன். கணினிகள் அணையாமல் எரிந்தால் யார் கத்துவார்கள்? காபிக்குக் காத்திருக்க வேண்டாம் என்று சந்தோஷப்படுவார்கள்.

"உனக்குத் தெரியாது," என்றார் மச்சான். கேள்வியாகக் கேட்கவில்லை. சார் என்ற சொல் போய்விட்டிருந்தது.

"தெரியாது."

"ஒரே ஆபீஸ். ஒரே பஸ். ஒரே வீடு."

ஒருநாள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "ராத்திரி பூரா அறுநூறு ஸ்க்ரீன் யாருக்காக எரியுது, சொல்லு பார்ப்போம்," என்று கேட்டாள். நான் போனைப் பார்த்தபடி ம் என்றேன். அவள் அப்புறம் கேட்கவில்லை. இதை அவரிடம் சொல்லப்போவதில்லை. யாரிடமும்.

மேடத்தின் அறைக்கு இரண்டு பேரும் போனோம். மச்சான் நோட்டை மேசையில் வைத்தார். மேடம் படித்தார், புரிந்துகொண்டார். அதுதான் எனக்குக் கோபம். புரியாதவராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"பதினோரு மெஷின் அணைச்சாச்சுன்னு ரிப்போர்ட் போயிடுச்சே," என்றார்.

"கரண்ட் ஏறியிருக்கு மேடம்."

"எனக்கு மேல இருக்கிறவங்க எண்ணுறது மெஷினை. யூனிட் கணக்கு வேற ரிப்போர்ட், அடுத்த காலாண்டுல வரும்."

"அதுவரைக்கும் ஊருக்கே வெளிச்சம் போட்டுட்டு இருக்கலாம்னு சொல்றீங்களா?" என்றார் மச்சான்.

"கத்தாதீங்க."

"நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல."

மேடம் என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. அதனால் இன்னும் மோசமாக இருந்தது. "ரூல் என்னன்னு உங்களுக்கே தெரியும். உயிரோட இருக்கிற உரிமையாளர் இல்லாத மெஷினை நெட்வொர்க்ல மாட்ட முடியாது. அந்தப் பேரை எடுத்துட்டு உங்க பேரைப் போடுங்க. தப்பா அணைச்சது நீங்கன்னு எழுத்துல கொடுங்க. நான் மேல பேசிக்கிறேன். ஆனா உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசம் இது, யோசிச்சுக்குங்க. எதுவும் பண்ணலைன்னா வெள்ளிக்கிழமை வேன் வருது. அது பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிடும், யாருக்கும் தொல்லை இல்ல."

அன்று புதன்கிழமை.

வெளியே நடையில் மச்சான் என் வழியை மறித்து நின்றார். "என்ன, எழுதிக் கொடுப்பியா? இல்ல, இதுக்கும் பத்து நாள் ஆகுமா?"

அவரை அடித்திருக்கலாம். அவரும் அதற்குத்தான் நின்றார் என்று நினைக்கிறேன். நான் ஒதுங்கி நடந்தேன்.

மெயிலுக்கு இரண்டு வரி போதும். பதினெட்டாம் இயந்திரம் என்ன செய்கிறது என்று விசாரிக்காமல் அணைத்தது நான். தவறு என்னுடையது. அனுப்பினேன். பட்டியலைத் திறந்தேன். உரிமையாளர் என்ற கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். அவளுடைய இருக்கையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மெயில் கணக்கை நானேதான் மூடினேன், என் வேலை அது. இந்தக் கட்டடத்தில் அவள் பெயர் இன்னும் எழுதியிருந்த இடம் இந்தக் கட்டம் ஒன்றுதான். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்திருக்கலாம். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். என் பெயரை அடித்தேன். கட்டம் ஏற்றுக்கொண்டது.

ஆறே முக்காலுக்கு ஒயரை மாட்டிவிட்டுப் படியேறினேன். ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிற ஆள் நான், ஏழு மணிக்கு மூன்றாம் மாடி எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை. ஒருவரும் இல்லை. நாற்காலிகள் போட்டது போட்டபடி திரும்பிக் கிடந்தன. இருநூறு திரைகள் எரிந்துகொண்டிருந்தன, அவற்றின் வெப்பம் கன்னத்தில் பட்டது. ஜன்னல் வரிசைக் கடைசியில் மச்சான் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் அவரிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தேன்.

"மூணு வருஷம் முன்னாடி என்கிட்ட மீட்டர் நோட்டு கேட்டு வாங்கிட்டுப் போனா," என்றார் அங்கிருந்தே, நோட்டைப் பார்த்துக்கொண்டு. "எதுக்குன்னு நானும் கேக்கல."

ஏழு மணி. இருநூறு திரைகளிலும் ஒரே நேரத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அலுவலகத் தமிழ் இல்லை. அவள் பேசுகிற மாதிரியே இருந்தது.

யாராவது இருக்கீங்களா? வேலை முடியலைன்னா ஏதாவது ஒரு பட்டனைத் தட்டுங்க. இல்லைன்னா ரெண்டு நிமிஷத்துல அணைச்சிடுவேன்.

கீழே நூற்றிருபது, நூற்றுப்பத்தொன்பது என்று எண்கள் இறங்கின. எல்லாத் திரையிலும் ஒன்றாக இறங்கின. என் கைகள் மடியில் இருந்தன. எடுத்து ஒரு பட்டனைத் தட்ட வேண்டும் என்று தோன்றியது. அவை வேறு யாருடையவோ போல அப்படியே கிடந்தன. பூஜ்யம் வந்தது. கதவோர வரிசை இருண்டது, அதை அடுத்தது, அதற்கு அடுத்தது. என் முன்னால் இருந்த திரை ஒரு நொடி நீலமாகி அணைந்தது. விசிறிகள் நின்றன. இருநூறு கணினிகள் இத்தனை சத்தம் போட்டுக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜன்னல் வரிசைக் கடைசியில் ஒரு திரை மட்டும் அணையவில்லை. மச்சானின் உள்ளங்கை முழுதாக விசைப்பலகை மேல் இருந்தது. அவர் முகத்தில் வெள்ளை வெளிச்சம். நான் பார்ப்பது தெரிந்தும் கையை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் பெட்டி மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டது. அவர் மறுபடி தட்டினார். நான் எழுந்து, இருட்டில் நாற்காலிகளைத் தடவித் தடவி, அந்த வெளிச்சத்தை நோக்கி நடந்தேன்.